நான் வெட்டிய நான்கு அங்குலம்

அன்புள்ள சவரிக்கு,

மாமல்லபுரத்து வேலை உன் கையை விட்டு இன்னும் போய்விடவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் கடிதங்களை நீ முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ரோஷன் அம்மாள் இந்த மாதக் கடைசி வரை கடற்கரை வீட்டில் இருக்கிறார். பிறகு பம்பாய்க்குப் போகிறார். உதவியாளன் ஒருவனையும் உடன் அழைத்துப் போகிறார். அது நீயாக இருக்கலாம். அதற்கு நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். என் அனுமதி இல்லாமல் அதை நீ செய்ய மாட்டாய். அந்த அனுமதியைத் தரத்தான் இந்தக் கடிதம். வெறும் அனுமதியை ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்பினால் நீ அதை எடுத்துக்கொள்ள மாட்டாய். உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தவையும் இதில் இருக்கும், தெரியாதவையும் இருக்கும். தாம்பரத்துத் தையல் கடையில் யாருடைய பெல்பாட்டத்தையாவது வெட்டிக்கொண்டே இதைப் படிக்காதே. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ ரோஷன் அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சந்தோஷம் இல்லை. அதை நான் மறைத்ததும் இல்லை. உன் அப்பா ரயில்வேயில் வண்டி கார்டாக இருந்து பணியிலேயே இறந்தவர். அந்த உரிமையில் உனக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். விண்ணப்பத்தை நானே நிரப்பி மேஜைமேல் வைத்தேன். நீ கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில், பம்பாயிலிருந்து வந்து கடலோரத்தில் வீடு எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கடைகளுக்காகப் பெண்களின் உடுப்புகளை வரைந்து தைக்கிற ஒரு பார்சி அம்மாளிடம் உதவியாளனாகப் போனாய். இங்கிலீஷும் ஊசியும் சேர்ந்து தெரிந்த ஒரு பையன் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தாராம். கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் கற்று வந்த இரண்டும் அவைதான். இரண்டையும் உனக்குக் கொடுத்தவளும் நான்தான். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. அதனால் உன்னைக் குறை சொன்னேன்.

முதல் மாதம் முடிந்து நீ வந்தபோது, அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "தரையில விழுந்த குண்டூசியைக் காந்தம் வச்சு பொறுக்குறேன்" என்றாய். "பி.யூ.சி. பாஸ் பண்ணினவன் குண்டூசி பொறுக்குறியா? வெளியே சொல்லாதே" என்றேன். நீ கோபப்படவில்லை. "பொறுக்குறதுக்குக் குனியும்போதுதாம்மா டிரெஸ் கீழே எப்படி வந்து நிக்குதுன்னு தெரியுது. மேல நின்னுகிட்டுப் பாக்குறவங்களுக்கு அது தெரியாது" என்றாய். பதில் பேசுகிறான் என்று மட்டும்தான் அன்று எனக்குப் பட்டது. முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், அந்த வார்த்தையில் இருந்த தொழில் புத்தியைக் கவனிக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். உதவியாளனாக இருக்கிறவனுக்குப் பெரிய வேலை எதுவும் முதலில் வராது. துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அளவு எழுதுவான், காடாத் துணியில் வெட்டிப் பார்ப்பான், ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவான். அந்த நேரத்தில் கண் என்ன செய்கிறது என்பதுதான் அவன் சம்பாத்தியம். உன் கண் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

நம் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மீன் கொண்டு வருகிற, மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரிக் குப்பத்துக் கன்னியம்மாள்தான் அதை எனக்கு முதலில் சொன்னவள். கூடையை இறக்கியதும் இறக்காததுமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். "இன்னா டீச்சரம்மா, ஒம் புள்ளைக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வையேன்" என்றாள். என்ன செய்தான் என்று கேட்டேன். "நான் படகாண்டேந்து கூடையத் தூக்கிகினு வந்துகினு கீறேன். 'அக்கா, கொஞ்சம் அப்படியே நில்லு'ன்றான். இன்னாடா, போட்டோ புடிக்கப் போறியான்னா, 'இல்லக்கா, பொடவைய பாக்குறேன்'ன்றான். எங்க வூட்டு ஆம்பள பக்கத்துல நின்னுகினு கீது! அப்புறம் பாத்தா, ஒக்காந்து நோட்டுல வரையறான். நானும் மண்ட காய நின்னேன். காட்டுடான்னா, மூஞ்சியக் காணோம், தலையக் காணோம், வெறும் பொடவதான் கீது! 'டேய் தொர, எம் மூஞ்சி இன்னாடா பாவம் பண்ணுச்சு'ன்னு கேட்டேன்." அவள் சிரித்த சிரிப்பில் கூடையில் இருந்த சங்கரா எல்லாம் குலுங்கின. நான் சிரிக்கவில்லை. விலையைக் கேட்டு வாங்கி உள்ளே போனேன்.

நீ வரைந்தது அந்தப் பெண்கள் ஈர மணலில் நடக்கும்போது புடவையை இடது பக்கம் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்ளும் விதத்தை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ரோஷன் அம்மாள், இதை நீயே ஒரு கவுனாகத் தைத்துக் கொண்டுவா என்று உன்னிடம் சொன்னார். உதவியாளன் கையில் ஒரு உடுப்பு முழுவதையும் கொடுப்பது அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை என்று நீ சொன்னாய். வெளிநாட்டிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், மற்ற மாதிரிகளோடு உன்னுடையதையும் அவருக்குக் காட்டப்போகிறார்கள், அவருக்குப் பிடித்துப்போனால் உன்னைப் பம்பாய்க்கு அழைத்துப் போகிறார்கள் என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் உன் அப்பாவின் குரலைப் போல இருந்தது. கட்டம் போட்ட கைத்தறித் துணி, அந்த ஒரு துண்டுதான் இருந்தது. அதை வெட்டித் தைத்து, பொத்தானுக்கான காஜா மட்டும் நான் கையால் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "உங்க காஜா மாதிரி அங்க யாருக்கும் வராதும்மா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சிப்பிப் பொத்தான் வாங்க காலை ரயிலில் மெட்ராஸுக்குப் போனாய்.

ஆறு காஜாக்களை எடுத்து முடித்தபோது பகல் பன்னிரண்டு மணி. இன்று எடுத்துப் பார்த்தாலும் அவற்றில் ஒரு நூல் பிசகி இருக்காது. பிறகு கவுனை உதறித் தூக்கிப் பிடித்தேன். இடது பக்கம் நான்கு அங்குலம் மேலே ஏறியிருந்தது. வலது பக்கம் அங்கிருந்து சரிந்து இறங்கியது. அதை மேஜையில் விரித்து, அளவு நாடா வைத்து, சோப்பால் கோடு போட்டு, இறங்கியிருந்த பக்கத்தை எல்லாம் வெட்டி நேராக்கினேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஓரத்தை மடித்து ஹெம்மிங் போட்டேன். வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளி தெரியாமல் போட்டேன். அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீ திரும்பி வந்து, பொத்தான் பொட்டலத்தை வைத்துவிட்டு, கவுனைப் பிரித்தாய். விரலை ஹெம்மிங் மேல் ஒரு சுற்று ஓட்டினாய். வெட்டிய துண்டுகள் எங்கே என்று உன் கண் மேஜையைத் தேடியதை நான் பார்த்தேன். "ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றேன். "நல்லா தச்சிருக்கீங்கம்மா" என்றாய். அவ்வளவுதான். பொத்தான்களைத் தைத்தாய், மடித்தாய், மறுநாள் காலைப் பஸ்ஸில் கொண்டு போனாய். அந்த வார முடிவில் வந்து, "மேடம் ஊருக்குப் போகப் போறாங்கம்மா, வேலை முடிஞ்சிருச்சு" என்று சொன்னாய். தாம்பரத்தில் ஒரு கடையில் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினாய். எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கடற்கரைப் பைத்தியம் தெளிந்தது, இனி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவான் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னவளும் கன்னியம்மாள்தான். அவள் மகள், ரோஷன் அம்மாள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏன் டீச்சரம்மா, புள்ளைய வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களே, போய் ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" யாரும் நிறுத்தவில்லை, வேலைதான் முடிந்துவிட்டது என்றேன். "யாரு சொன்னது? எம் பொண்ணு அங்கதானே நின்னுகினு இருந்தா. அந்த கவுனு கோணலாத்தான் இருக்கணுமாம். இவன் அத்த நேரா வெட்டிகினு வந்துட்டானாம். வெள்ளக்காரன் தூக்கிப் பாத்துட்டு, இஸ்கோலு பொண்ணு போடற கவுனு மாதிரி கீதுன்னு வச்சுட்டுப் பூட்டானாம். அந்தம்மா கேக்குறாங்கோ கேக்குறாங்கோ, வாயத் தொறந்தானாங்குற? 'எந் தப்பு, எந் தப்பு'ன்னுகினு நின்னானாம்." பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "நேரா தச்சதுக்கு வேலைய வுட்டுத் தூக்கறாங்கோ. கோணலா தச்சா சம்பளம் ஏத்துவாங்கோ போல கீது. இன்னா ஒலகமோ போ!" அவள் போன பிறகும் அந்த மீனை நான் கழுவவில்லை.

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் மலையிலிருந்து கழுகு பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் முழுவதும் அந்த ஒரே பஸ்ஸில் ஏறியது. புடவை கசங்கிவிட்டது, அந்தக் கோலத்தில் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. கடற்கரை மணலில் நடந்தபோது படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் தண்ணீரிலிருந்து கூடையோடு ஏறி வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் இடது பக்கம் புடவை ஏறியிருந்தது. வலது பக்கம் காலோடு சேர்ந்து அலைந்தது. அவர்கள் என்னைத் தாண்டிப் போகிறவரை நான் நகரவில்லை. நீ தைத்து வைத்திருந்த கவுனை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். அதில் இருந்தது அவர்கள் நடக்கிற விதம். நான் வெட்டியது அதைத்தான்.

ரோஷன் அம்மாள் ஆண்பிள்ளை லுங்கியும் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்தக் கிராப்புத் தலையைப் பற்றி நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் இங்கிலீஷில் பேசினோம். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் அந்தக் கவுனை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். "இந்தத் தையல் உங்களுடையதுதானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நாற்பது வருடமாகத் துணியோடு இருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியான ஹெம்மிங்கைப் பார்த்ததில்லை" என்றார். சவரி, அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதனால்தான் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது உங்கள் மகன் கை இல்லை என்று. யார் செய்தது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் என் தப்பு என்றான். ஒரு துணி வீணானதற்காக நான் யாரையும் அனுப்பமாட்டேன், நானே எத்தனையோ வீணாக்கியிருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு உடுப்பில் ஆறு பேர் கை படுகிறது. எந்தக் கையில் தப்பு நடந்தது என்று சொல்லாத ஒரு உதவியாளனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அடுத்த முறை வெட்டுகிற மாஸ்டர் தப்புச் செய்தாலும் இவன் தன் தப்பு என்பான். நான் திருத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியாமலே போகும்."

நான்தான் வந்து சொல்லிவிட்டேனே, அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. அதைச் சொல்லும்போது குரல் எப்படி இருந்ததோ தெரியாது. "நீங்கள் சொன்னீர்கள். அவன் சொல்லவில்லையே" என்றார். "மாதக் கடைசி வரை இருப்பேன். அவன் வந்து தன் வாயால் சொல்லட்டும்." கெடுபிடியாக இல்லை, டீ கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மூன்று முறை என்பதே என் காதில் இருந்தது. நீ எங்கே அதைக் கற்றுக்கொண்டாய் என்று நான் வேறு யாரைக் கேட்பேன்? உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், சட்டை முழுவதும் மையோடு பள்ளியிலிருந்து வந்தாய். வாயைத் திறந்தாய். "காரணம் சொல்லாதே" என்று முழங்காலில் நிறுத்தினேன். பக்கத்துப் பெஞ்சுப் பையன் புட்டியைத் தட்டிவிட்டதை மறுநாள் உன் வாத்தியார் சொல்லித்தான் அறிந்தேன். அப்போதும் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. நீ முழங்காலில் நின்ற அன்றே, வண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த உன் அப்பா பச்சைக் கொடியைச் சுருட்டியபடி, "பையன் என்ன சொல்ல வர்றான்னுதான் கேளேன்" என்றார். அவரையும் அடக்கினேன். எங்கள் மடத்தில் தையல் சிஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் சொல்வார். தையல் பிசகினால் பிரி, மறுபடி தை, காரணம் சொல்லாதே. துணிக்கு அது சரி. பிள்ளைக்கும் அதுவே போதும் என்று நான் நினைத்துவிட்டேன். என் வீட்டில் வளர்ந்த பையன் அந்த அம்மாள் முன்னால் எப்படி நிற்பானோ அப்படித்தான் நீ நின்றிருக்கிறாய்.

இவ்வளவும் எழுதுவது எனக்குச் சுலபமாகவே இருந்தது. இனிமேல் எழுதப்போவதற்காக இரண்டு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ரோஷன் அம்மாள் என்னிடம் இன்னொன்றும் கேட்டார். "கவுனோடு படம் வரைந்த காகிதம் இருந்திருக்குமே, நீங்கள் அதைப் பார்க்கவில்லையா?" என்றார். பார்க்கவில்லை, தைத்ததில் ஏதோ பிசகு என்று நினைத்தேன் என்று சொன்னேன். அது பொய். நீ வீட்டில் விட்டுப்போன பையில் நூல் தேடியபோது அந்தக் காகிதத்தை எடுத்தேன். உன் கையெழுத்தில், இடது பக்கம் நான்கு அங்குலம் மேலே என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தாய். என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதை மடித்து இருந்த இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். கிழவி தெரியாமல் செய்துவிட்டாள் என்று இத்தனை நாள் நீ மனதில் என்னை மன்னித்துக்கொண்டிருப்பாய். தெரியாமல் செய்யவில்லை, சவரி.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். என் அம்மாவை நீ பார்த்ததில்லை. பாலாற்றங்கரையில் பிறர் வயலில் நாற்று நட்டவர். அவர் காலத்தில் எங்கள் சேரிப் பெண்கள் புடவையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்துவிட முடியாது. வயலிலும் முடியாது, தெருவிலும் முடியாது. மடத்தில் என்னைச் சேர்த்த பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு என்னைப் பார்க்க வருவார். முதல் தடவை வந்தபோது வெளிக் கேட்டருகே நின்றார், புடவை இடது பக்கம் முழங்காலுக்கு மேல் ஏறி, ஓரமெல்லாம் சேறாக. என் வகுப்புப் பெண்கள் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. "மொதல்ல பொடவைய எறக்கி வுடும்மா" என்றேன். அவர் சிரித்தார். "நாலு மைலு நடந்துகினு வரேன் கண்ணு. எறக்கி வுட்டா காலத் தட்டும்டி" என்று சொல்லிக்கொண்டே இறக்கிவிட்டார். ஈரச் சேறு கணுக்காலில் ஒட்டியது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எல்லாம், நான் சொல்லாமலே, கேட்டுக்கு வெளியே நின்று இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்றிலிருந்து நான் தைத்த பாவாடை, கவுன், ஜன்னல் திரை எதிலும் ஓரம் ஒரு நூல் ஏறியதில்லை. என்னிடம் படித்த பெண்கள் எத்தனை பேரைப் பிரித்துத் தைக்க வைத்திருப்பேன்! எங்கள் குடும்பம் வயலிலிருந்து ஏறி வந்ததற்கு அந்த நேரான ஓரம்தான் அத்தாட்சி என்று நினைத்தேன். நான் படிக்க வைத்த பிள்ளை, அந்தத் தூக்கிச் செருகின புடவையை எடுத்து, அழகு என்று சொல்லி, துரைமார் ஊருக்கு அனுப்பப் போகிறான் என்று அன்று பகலில் எனக்குத் தோன்றியது. வெட்டிய துண்டுகளை அடுப்பில் போட்டேன். நீ மேஜையில் தேடினாயே, அங்கே எப்படி இருக்கும்?

கடற்கரையில் நீ வரைந்த படத்தை ரோஷன் அம்மாள் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். கன்னியம்மாள் சொன்னது சரிதான், முகம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவசரம் இருக்கிறது, கூடையின் கனம் ஒரு பக்கம் இழுக்கிறது, அவளுக்கு யாரிடமும் வெட்கம் இல்லை. ஒரு புடவை ஓரத்தை வைத்து இவ்வளவும் நீ வரைந்திருக்கிறாய். என் அம்மா நாலு மைல் அப்படித்தான் நடந்து வந்திருப்பார். கேட்டுக்கு வெளியே நின்று மாற்றிக்கொண்டதால் நான் ஒரு முறையும் அதைப் பார்க்கவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். போய், யார் வெட்டியது என்று அந்த அம்மாள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். என் அம்மா வெட்டினார் என்று சொல். காகிதத்தைப் படித்துவிட்டு, தெரிந்தேதான் வெட்டினார் என்று சொல். நான் அவரிடம் பொய் சொன்னதையும் சொல். வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று என் சார்பில் எதையும் சேர்க்காதே. என் கண் நன்றாக இருக்கிறது, அந்த ஆறு காஜாக்களைப் பார்த்தவரிடம் நீ அதைச் சொல்லவும் முடியாது. இந்த ஊரில் என்னிடம் தையல் படிக்காத வீடு குறைவு. பேச்சு பரவினால் பரவட்டும். பம்பாயில் எத்தனையோ பேர் உன் வேலையில் கை வைப்பார்கள், பெரியவர்கள், நல்லவர்கள், உன்மேல் பிரியம் உள்ளவர்கள். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டிய நாள் வரும். முதலில் என் பெயரைச் சொல்லிப் பழகிக்கொள். உன் பழைய சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். இரண்டின் காலரைத் திருப்பித் தைத்தேன், உன்னைக் கேட்காமல், அதற்கும் மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை காலை முதல் மின்சார ரயிலில் வா. செங்கல்பட்டில் இறங்கியதும் நேரே மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறு. வீட்டுப் பக்கம் திரும்பாதே. சொல்லி முடித்த பிறகு வா, எந்நேரமானாலும் சாப்பாடு இருக்கும். அதற்கு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால், நாலாவது முறையும் என் தப்பு என்றுதான் அவரிடம் சொல்வாய்.

உன் அம்மா